சொந்தக் காடும் மாறும் பருவநிலையும்: கேள்வி பதில்

கேள்வி: என் காட்டில் மரங்கள் நன்றாகத்தான் நிற்கின்றன. எதற்காக இப்போதே சில மரங்களை வெட்டி, நெருக்கத்தைக் கலைத்துவிட வேண்டும்?

நெருக்கம்தான் காரணம். வறட்சியில் எல்லா வேர்களும் ஒரே ஈரத்துக்குப் போட்டி போடும். நுனி காயும், பிசின் சுரப்பு குறையும், பட்டை வண்டு உள்ளே நுழையும். ஊசியிலை மரமென்றால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவை அளந்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். மரத்தின் உயரத்தையும் செ.மீ.-இல் எடுத்து அந்த விட்டத்தால் வகுங்கள். 20 மீட்டர் மரத்துக்குச் சுற்றளவு 63 செ.மீ. என்றால் விட்டம் 20 செ.மீ., விடை 100. விடை 80-ஐத் தாண்டினாலே பலத்த காற்றுக்குச் சாயும் வாய்ப்பு அதிகம்.

கேள்வி: அப்படியானால் பாதியை ஒரே தடவையில் எடுத்துவிடலாமா?

கூடாது. இதுவரை ஒன்றையொன்று தாங்கி நின்ற ஒல்லி மரங்கள் அடுத்த புயலிலேயே விழும். திடீர் வெயிலில் பட்டை வெந்துபோகும். ஒரு தடவைக்கு கால்பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். சில வருடம் விட்டு மறுபடி எடுக்கலாம்.

வெட்ட வேண்டியதற்கு அல்ல, நிற்க வேண்டியதற்கு முதலில் குறியிடுங்கள். விரிந்த தலை, நேரான தண்டு, காயமில்லாத அடி உள்ள மரமாகப் பாருங்கள். பிறகு அதன் தலையை நெருக்கும் ஒன்றிரண்டை மட்டும் கழியுங்கள். பருத்ததை விற்றுவிட்டு நோஞ்சானை விட்டுவைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

கேள்வி: எந்த மரம் நட்டால் 50 வருடம் தாங்கும்?

ஒரே பெயரைச் சொன்னால் அது சூதாட்டம். 2018-இல் தொடங்கிய வறட்சிகளில் ஜெர்மனியிலும் செக் குடியரசிலும் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் மட்டுமே நின்ற காடுகள் பட்டை வண்டுக்குக் கூட்டம் கூட்டமாகப் பலியாயின. மூன்று நான்கு இனம் கலந்து நடுங்கள். அதே இனத்திலும் உங்கள் இடத்தைவிடச் சற்று வறண்ட பகுதியின் விதையைக் கொஞ்சம் சேருங்கள். மிக வெப்பமான இடத்து விதை வேண்டாம், ஒரு உறைபனி போதும் அதை முடிக்க.

பையில் வளர்ந்த நாற்றில் அடிவேர் சுருண்டிருந்தால் வெட்டிவிட்டே நட வேண்டும். இல்லாவிட்டால் வேர் ஆழம் போகாமல் வறட்சியில் முதலில் அதுதான் வாடும்.

கேள்வி: காட்டுத் தீ பரவாமல் இருக்க என்ன செய்யலாம்?

கீழ்க்கிளைகளை 2 முதல் 3 மீட்டர் வரை கவாத்து செய்யுங்கள், ஒரே சமயத்தில் தலையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் போகாமல். வெட்டிய கழிவை மரத்தடியில் குவிக்காதீர்கள்.

கேள்வி: உரிமையாளர் சங்கத்தில் வேலை செய்கிறேன். கூட்டம் போட்டுச் சொல்லியும் யாரும் அசையவில்லையே?

2080-இன் வெப்பநிலை வரைபடத்துக்கு யாரும் அசைய மாட்டார்கள். அவரவர் காட்டுக்குள் கூடவே நடங்கள். காடு எதற்கென்று கேளுங்கள்: வருமானமா, பிள்ளைகளுக்கா, பறவைக்கா? பதிலைப் பொறுத்துப் பேச்சு மாறும். சம்மதிக்கும் ஒருவரிடம் 20-க்கு 20 மீட்டரில் கலைத்துவிட்டு, பக்கத்திலேயே அதே அளவைத் தொடாமல் விடுங்கள். கோடை முடிந்ததும் இரண்டிலும் பட்டுப்போனவற்றை எண்ணுங்கள். அதை அந்த உரிமையாளரே அக்கம்பக்கத்தாருக்குக் காட்டட்டும். நிபுணரைவிட அவர் சொல் எடுபடும்.

சிறு காட்டுக்காரருக்குத் தயக்கமே செலவுதான். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே தடவையில் இயந்திரம் வரவழைத்தால் ஆளுக்கு ஆகும் செலவு குறையும். வெட்டும் அனுமதி விதி இடத்துக்கு இடம் மாறும் என்பதால், குறியிடுவதற்கு முன்பே விசாரித்துவிடச் சொல்லுங்கள்.