வேன்தான் வீடு என்றால், பழுதுக்கான பணமே முதல் சேமிப்பு

கேள்வி: வாடகை வீட்டை விட்டுவிட்டு, வேன் ஒன்றை வீடாக மாற்றி, நானும் என் கணவரும் அதிலேயே வசிக்கிறோம். இருவருக்கும் ஒப்பந்த வேலை. பொருளாதார மந்தம் வந்தாலும் வாடகை கொடுக்காத நமக்குப் பயமில்லை, சில மாதங்களுக்கான மளிகையும் டீசலும் வாங்கி அடுக்கிவிட்டால் போதும் என்கிறார் கணவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: வீட்டு வாடகை மாதந்தோறும் தேதி சொல்லி வரும், வேனின் வாடகையோ பழுது என்ற பெயரில், முன்னறிவிப்பின்றி, மொத்தமாக வந்து நிற்கும். உங்கள் கணவரின் கணக்கில் விடுபட்டிருப்பது இதுதான். வீட்டில் வசிப்பவரின் வண்டி நின்றுபோனால், அவர் பேருந்தில் வேலைக்குப் போய்த் திரும்பித் தன் கட்டிலிலேயே படுத்துக்கொள்வார். உங்கள் வண்டியின் கியர்பாக்ஸ் போனால், வேலைக்குப் போகும் வழி, அடுப்பு, படுக்கை எல்லாம் ஒரே நாளில் பட்டறைக்குள் போய்விடும்.

ஆகவே முதல் சேமிப்பு பழுதுக்கானதாக இருக்கட்டும். இந்த வண்டிக்கு வரக்கூடிய மிகப் பெரிய செலவு எது என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டு, அந்தத் தொகையோடு, வண்டி பட்டறையில் கிடக்கும் நாட்களில் நீங்கள் வெளியே தங்குவதற்கான செலவையும் சேர்த்துத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். மூன்று முதல் ஆறு மாத வாழ்க்கைச் செலவுக்கான பணம் வேறு. அது கரைந்துகொண்டிருந்தாலும் இதில் கை வைக்காதீர்கள்.

தள்ளிப்போட்ட வேலைகளை வருமானம் வந்துகொண்டிருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது. டைமிங் பெல்ட் (பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று ஒத்து இயங்கவைக்கும் பட்டை) உள்ள இன்ஜின் என்றால், கையேடு சொல்லும் கிலோமீட்டர், ஆண்டு இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போதே அதை மாற்றுங்கள். பல இன்ஜின்களில் அந்த பெல்ட் அறுந்த கணமே பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும், பிறகு வரும் செலவு பெல்ட்டின் விலையைப் போலப் பல மடங்கு. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. இந்த எண் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதுண்டு என்பதால், குனிந்து உள்பக்கமும் பாருங்கள். பட்டன், அதாவது தரையில் படும் வரிகள், தேயாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். பத்தாண்டு கடந்த டயரை நம்பி ஓட்ட வேண்டாம்.

இனி டீசல். 2008 ஜூலையில் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் 147 டாலரைத் தொட்டது. அதே ஆண்டு டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே விழுந்தது. மந்தம் வந்தால் எரிபொருள் விலை ஏறத்தான் செய்யும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. படுக்கைக்கு அடியில் டீசல் கேனை வைத்துக்கொண்டு உறங்குவது எந்த விலைக்கும் தகாது என்பதையும் கணவரிடம் சொல்லுங்கள். மளிகை சில வாரங்களுக்கு இருந்தால் போதுமானது. அதற்கு மேல் அடுக்குவதற்கு முன், தண்ணீர்த் தொட்டி நிரம்பிய வேனை ஒருமுறை எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள். நூறு லிட்டர் தண்ணீரே நூறு கிலோ. வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையைத் தாண்டினால் எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும், பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் கூடும்.

கேள்வி: சோலார் பேனலும் லித்தியம் பேட்டரியும் கிரெடிட் கார்டில் வாங்கிவிட்டால், கஷ்ட காலத்தில் மின்சாரச் செலவு மிச்சம்தானே?

பதில்: மிச்சம்தான், வட்டி அதைத் தின்னாமல் விட்டால். மாதம் 3 சதவீத வட்டியில் கட்டாமல் விட்ட கடன் இரண்டே ஆண்டுகளில் இரட்டிப்பாகிவிடும். ஒப்பந்த வேலையில் இருப்பவர் அந்தச் சுமையோடு மந்தத்துக்குள் நுழையக் கூடாது. இருக்கும் பேட்டரியை முதலில் சோதியுங்கள். 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியில், எதையும் ஓடவிடாமல் சில மணி நேரம் ஓய்வு கொடுத்து அளக்கும்போது 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏறத்தாழ நிறைந்திருக்கிறது, 12.1க்கு இறங்கினால் பாதி காலி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறங்கவிட்டதாலேயே பல பேட்டரிகள் அற்பாயுளில் போகின்றன. அதைத் தூக்கிப்போட்டுப் புதிதாக வாங்குவதைவிட, மடிக்கணினியை வெயில் நேரத்தில் மட்டும் சார்ஜ் செய்யப் பழகுவது செலவில்லாத வழி. பேனல் வேண்டுமானால், கையில் பணம் சேர்ந்த பிறகு ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: நிலைமை மிகவும் மோசமானால் வேனை விற்றுவிடலாம் அல்லவா?

பதில்: அதைத் திட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள். எல்லோருக்கும் பணம் முடங்கும் காலத்தில்தான் நீங்களும் விற்க நேரும்; உள்ளே அலமாரிக்கும் மெத்தைக்கும் போட்ட பணத்தை வாங்குபவர் கணக்கில் சேர்க்க மாட்டார். அதைவிட, சில மாதங்கள் வண்டியை நிறுத்திக்கொள்ள இடம் தரக்கூடிய உறவினரிடமோ நண்பரிடமோ இப்போதே பேசி வையுங்கள். வங்கிக் கடிதங்களுக்கும் அவருடைய முகவரியைக் கொடுக்கலாமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். வேனில் வசிப்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லியிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். சொல்லாமல் விட்டால், இழப்பீடு கேட்கும் நாளில் அதையே காரணம் காட்டி மறுக்கக்கூடும்.