பிடித்த மீன் சுருங்குமா? தூண்டில்காரர்களின் கேள்விகள்

பிடித்த மீனின் நீளம் குறையுமா, அளவு குறைந்த மீனை வைத்திருந்தால் சட்டம் என்ன சொல்லும் என்று மதுரைப் பக்கத்துத் தூண்டில்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மீன்வளம் படித்து அதிலேயே வேலை பார்த்தவன் என்பதால் பதில் சொல்கிறேன். எந்த இரைக்கு எது கடிக்கும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

இங்கிலாந்தில் இருக்கும் திருமங்கலத்துக்காரர்: கரையில் அளந்தபோது கடல் பாஸ் 42.3 செ.மீ. ஐஸ் பெட்டியில் வைத்து மறுநாள் அளந்தால் 41.5. டேப் தப்பா, மீன் தப்பா சார்?

இரண்டும் தப்பில்லை. உயிரோடு இருக்கும்போது மீனின் தசை தளர்ந்து இருக்கும். செத்ததும் தசையை இளக வைக்கும் ஏடிபி என்ற வேதிப்பொருள் தீர்ந்துபோகும், அதன் பிறகு தசை இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு விடாது. அதுதான் விறைப்பு. அந்த நேரத்தில் மீன் லேசாக வளையும், குறுகும். கொஞ்ச நேரம் கழித்து விறைப்பு தளர்ந்துவிடும், ஆனால் அதற்குள் உடம்பிலிருந்து போன தண்ணீர் திரும்பி வராது. வால் துடுப்பின் நுனியைப் பாருங்கள், காய்ந்து உள்பக்கம் சுருண்டிருக்கும், சில மில்லிமீட்டர் அங்கேயே போய்விடும். உறைய வைத்தால் இன்னும் மோசம், பனித் துகள்கள் செல்லைக் கிழித்து, உருகும்போது நீர் வடியும். பொதுவாக நூற்றுக்கு ஒன்றிலிருந்து நான்கு பங்கு வரை குறையலாம், உங்கள் மீன் சுருங்கியது இரண்டு பங்குக்குக் கொஞ்சம் கம்மி. அங்கே பாஸுக்குக் குறைந்தபட்ச அளவு 42 செ.மீ., அதிகாரி கையில் இருப்பது உங்கள் மீன், நேற்றைய உங்கள் டேப் இல்லை. ஆகவே வரம்பை ஒட்டி நிற்கும் மீனை விட்டுவிடுங்கள், ஒரு சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்கட்டும். (பாஸ் என்றதும் நம்ம ஊர் கொடுவா என்று நினைக்காதீர்கள், வேறு இனம்.)

மாடக்குளம் தம்பி: எப்படி அளப்பது? தையல் டேப் போதுமா?

போதாது. தையல் டேப்பை மீனின் முதுகு மேல் போட்டு வளைத்து அளந்தால் இல்லாத நீளம் வரும். தட்டையான பலகையில் ஸ்கேலை வைத்து, வாயை மூடி, மூக்கை முனையில் முட்ட வைத்து அளக்க வேண்டும். வால் எதுவரை என்பது இடத்தைப் பொறுத்தது. சில மீனுக்கு வாலின் கடைசி நுனி வரை, சிலதுக்கு வால் இரண்டாகப் பிரியும் கவை வரை. நம்ம வஞ்சிரத்தின் சொந்தக்காரனான கிங் மேக்கரலுக்கு அமெரிக்காவின் ப்ளோரிடாவில் கவை வரை குறைந்தபட்சம் 24 அங்குலம். எதை அளக்கச் சொல்கிறார்கள் என்று படிக்காமல் போகாதீர்கள்.

விளாங்குடி: ஐயா, பிடித்த மீன் சுருங்குமா?

மேலே இருக்கிறது.

கொட்டாம்பட்டி: எங்கள் ஊர் மீன்பிடித் திருவிழாவில் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊரே ஊத்தாக் கூடை, வலையோடு கண்மாயில் இறங்கும். குஞ்சு, பெரிசு என்று யாரும் பார்ப்பதில்லை. அளவுச் சட்டம் இங்கே எடுபடுமா?

எடுபடாது, எடுபட வேண்டியதும் இல்லை. அளவு வரம்பின் நோக்கம், மீன் ஒரு தடவையாவது முட்டை போடட்டும் என்பது. கேரளம் 2015-ல் கடல் மீனுக்குக் கொண்டுவந்ததும் அதற்காகத்தான், மத்திக்கு 10 செ.மீ., கானாங்கெளுத்திக்கு 14. வற்றப் போகிற கண்மாயில் குஞ்சை விட்டால் கொக்குக்குத்தான் லாபம்.

மேலூர்: அப்படிச் சொல்லக் கூடாது அண்ணே. விரால் சேற்றுக்குள் கிடந்து அடுத்த மழைக்கு வரும். அதையும் தோண்டி எடுத்தால்?

நல்ல கேள்வி, இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். விரால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும், ஈரச் சேற்றில் தாக்குப்பிடிக்கும், அதைக் கண்மாயின் விதை என்றே சொல்லலாம். ஆனால் விராலுக்கு எமன் திருவிழா இல்லை, தூண்டில்தான். ஆரஞ்சு நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே வந்து வந்து போகும், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும், அப்போது தவளையைக் கட்டிப் போட்டால் அடித்துப் பிடிக்கும். பசி இல்லை, கோபம். அந்தப் பெற்றோரைத் தூக்கிவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்களும் பாம்பும் முடித்துவிடும். இதில் ஸ்கேலுக்கு வேலையே இல்லை, காவல் நிற்கும் விரால் எப்படியும் பெரிசாகத்தான் இருக்கும். நியாயமாகப் பார்த்தால் குஞ்சுக் கூட்டம் தெரியும் இடத்தில் தூண்டிலே போடக் கூடாது.

மேலூர் (மீண்டும்): அப்படியானால் அயிரைக்கு என்ன அளவு வைப்பது?

அயிரை வளர்ந்தாலே விரல் நீளம்தான் தம்பி. எல்லா மீனுக்கும் ஒரே அளவு என்று யாராவது சட்டம் போட்டால் மதுரையில் அயிரைக் குழம்பு கிடையாது. அந்தந்த இனம் எந்த அளவில் முட்டை போடுகிறது என்று பார்த்துத்தான் வரம்பு வைக்க வேண்டும். பெரிய மீனைக் காப்பாற்றவும் மேல் வரம்பு உண்டு, ஆஸ்திரேலியாவில் விக்டோரியாவில் மர்ரே காட் என்ற நன்னீர் மீன் 55-லிருந்து 75 செ.மீ.க்குள் இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம். பெரிய தாய் மீன் போடும் முட்டை சின்னதைவிடப் பல மடங்கு.

கூடல்நகர்: ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினால் குஞ்சாக இருந்தாலும் விட வேண்டுமா?

வேண்டாம். வளர்க்கவே தடை செய்த மீன் அது, தண்ணீரில் திரும்ப விடாதீர்கள்.

திருப்பரங்குன்றம்: மார்க்கெட்டில் பெரிசாக இருந்த மீன் சட்டியில் சுருங்குகிறதே?

சூட்டில் புரதம் இறுகி தண்ணீரைப் பிழிந்துவிடும். மிச்சத்தை வீட்டில் சமைப்பவர்களிடம் கேளுங்கள்.

வண்டியூர்: சார், ஐஸில் வைத்தால் மீன் நீளம் குறையுமா?

முதல் பதிலைப் படியுங்கள். தையல் டேப்பையும் தூக்கிப் போடுங்கள்.

மேலூர்: விரால் குஞ்சோடு இருக்கும் மாதம் எது அண்ணே?

பெரும்பாலும் மழை இறங்கி கண்மாய் நிறையும் காலம். மாதத்தை விடுங்கள், தண்ணீர் மேலே பாருங்கள். கண்மாய்க் குத்தகை எடுத்தவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தூண்டில் போடுங்கள், மீன் அவர் பணம்.