காயம் ஆறிய பிறகு: சிஸ்டர் பதில்கள்

கேள்வி: சிஸ்டர் அம்மாவுக்கு வணக்கம். அப்பாவுக்கு 58 வயது. காப்பித் தோட்டத்தில் வேலை. வலது குதிகாலில் கறுப்பாக ஒன்று இருந்தது. காலாணி என்று நினைத்து ஒரு வருடம் பிளேடால் சீவிக்கொண்டே இருந்தார். ரத்தம் நிற்காமல் வந்த பிறகுதான் சேலத்துக்குக் கூட்டிப்போனோம். மெலனோமா என்கிற தோல் புற்றுநோய், 2.6 மில்லிமீட்டர் ஆழம் என்றார்கள். அறுவை சிகிச்சை செய்து, தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். தொடை இடுக்கில் எடுத்த இரண்டு நெறிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) ஒன்றில் புற்று கொஞ்சம் இருக்கிறதாம். ஐந்து வாரம் ஆகிவிட்டது. இனி மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வருடம் ஊசி போடலாம் என்கிறார்கள். லட்சக்கணக்கில் ஆகும். அம்மா நகையை விற்கத் தயாராகிவிட்டார். சொந்தக்காரர்களோ, கத்தி பட்டதால்தான் பரவியது என்கிறார்கள். அப்பா காலைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறார். யாரிடமும் பேசுவதில்லை. நாங்கள் என்ன செய்வது?
ஒரு மகள், ஏற்காடு

பதில்: கண்ணு, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எனக்கும் இதே நோய்தான் வந்தது. 2017இல், இடது உள்ளங்காலில். முப்பது வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். எட்டு மாதம் அதைக் காலாணி என்றே நம்பி, மருந்துக் கடையில் வாங்கிய பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போனேன். அதனால் அப்பாவிடம் யாரும் "ஏன் சீவினாய், ஏன் முன்பே சொல்லவில்லை" என்று கேட்க வேண்டாம். நம் நிறத்தவர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி இங்கேதான் வரும். வெயிலுக்கும் அதற்கும் பெரிதாகச் சம்பந்தம் இல்லை. முள் குத்தினது, காலாணி, அடிபட்டுக் கன்றியது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

கத்திப் பேச்சை வீட்டுக்குள் விடாதே. நெறியில் இருந்தது கத்தி படுவதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்தது. எடுத்துப் பார்த்ததால் இப்போது தெரிந்தது, அவ்வளவுதான். 2.6 மில்லிமீட்டர் என்றால் கட்டியைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள். குழி பெரிதாகத் தெரிவது அதனால்தான். சொந்தக்காரர்கள் வந்தால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மழையைப் பற்றியும் மிளகு விலையைப் பற்றியும் பேசட்டும். அது அவருக்கு நல்லது.

இப்போது கால். ஊன்றலாம் என்று அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் சொல்லிவிட்டாரா என்பதை முதலில் உறுதி செய்துகொள். சொல்லிவிட்டார் என்றால், நடப்பதற்கு முன் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடச் சொல். ஐந்து நிமிடம் போதும். ஒட்டின தோல் ஊதா நிறமாக மாறும், கால் கனக்கும். தூக்கி வைத்தால் சரியாகிவிடும். இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த நிறத்தைப் பார்த்ததும் தோல் செத்துவிட்டது என்று நினைத்து அன்று ராத்திரி முழுக்க அழுதேன். ஐந்து நிமிடம் பத்தாகட்டும், பத்து இருபதாகட்டும். அப்புறம் வாக்கர் பிடித்து, கட்டிலிலிருந்து வாசல் வரை. அது போதும், பத்து நாளைக்கு.

ஒட்டின தோலுக்கு வலி தெரியாது, சூடு தெரியாது, கல் குத்தினால் தெரியாது. குதிகாலில் உடம்பின் பாரமே இறங்குகிறது. சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுக்கிற எம்.சி.ஆர் செருப்பு வாங்கிக் கொடு. வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும். ராத்திரி படுக்கும்போது ஒரு சின்னக் கண்ணாடியைக் குதிகாலுக்கு அடியில் பிடித்துப் பார்க்கட்டும். கொப்புளமோ வெடிப்போ இருந்தால் மறுநாள் நடை கிடையாது. அந்தத் தோலில் வியர்வை சுரக்காது, காய்ந்து வெடிக்கும். முழுக்க ஆறின பிறகு தினம் இரண்டு வேளை தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். தோல் எடுத்த தொடைதான் அவரை அதிகம் படுத்தியிருக்கும், இப்போது அரிப்பாக இருக்கும். அங்கேயும் எண்ணெய்தான். சொறியக் கூடாது.

தோட்ட வேலையைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் அப்பா மனசில் அதுதான் ஓடும். சரிவில் ஏறி இறங்குகிற வேலை இப்போதைக்கு வேண்டாம். களத்தில் கொட்டை காயவைப்பது, உட்கார்ந்து பொறுக்குவது போல ஏதாவது கொடுக்கச் சொல்லி மேஸ்திரியிடம் நீயே பேசு. அவர் பேசமாட்டார்.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு நெறியில் ஒன்றும் இல்லாததால் ஊசி தேவைப்படவில்லை. வார்டில் போட்டுப் பார்த்த அனுபவத்திலிருந்துதான் சொல்கிறேன். இது கீமோ இல்லை, இம்யூனோதெரபி. நம் ரத்தத்தில் இருக்கிற காவல் அணுக்களுக்கு ஒரு பிரேக் உண்டு. புற்று அந்தப் பிரேக்கை மிதித்துக்கொண்டு தப்பிக்கிறது. இந்த மருந்து பிரேக்கை விடுவிக்கிறது. இதைக் கண்டறிந்த இரண்டு பேருக்கு 2018இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். கீமோவைப் போல முடி கொட்டாது. நோய் திரும்பி வரும் வாய்ப்பைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. உள்ளங்கால் மெலனோமாவில் இந்த மருந்தின் பலன் மற்ற வகைகளைவிடக் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அதனால் நகையை விற்பதற்கு முன் மருத்துவரிடம் மூன்று கேள்வி கேள். அப்பாவின் நிலைக்கு ஊசி போட்டால் எவ்வளவு, போடாமல் கவனித்து வந்தால் எவ்வளவு வித்தியாசம்? பிராஃப் மரபணு சோதனை செய்தாயிற்றா? அதில் மாற்றம் இருந்தால் ஊசிக்குப் பதில் ஒரு வருடம் மாத்திரை சாப்பிடுகிற வழியும் உண்டு. உள்ளங்கால் வகையில் அது குறைவுதான், ஆனாலும் கேட்க வேண்டும். மூன்றாவது, காப்பீட்டுத் திட்டத்திலோ மருந்துக் கம்பெனியின் உதவித் திட்டத்திலோ எது கிடைக்கும்? மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கவுண்டர் இருந்தால் அங்கேயும் போய்க் கேள். ஊசி தொடங்குவதாக இருந்தால் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதத்துக்குள் தொடங்குவதுதான் வழக்கம். ஐந்து வாரம் போய்விட்டது. யோசிக்க நேரம் இருக்கிறது, தள்ளிப்போட நேரம் இல்லை.

இன்னொரு கருத்துக் கேட்க நினைத்தால் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குப் போய் வரலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கியது அது. ரிப்போர்ட் மட்டும் எடுத்துப் போனால் அலைய வேண்டியிருக்கும். பயாப்சி ஸ்லைடையும், சதையை மெழுகில் வைத்திருக்கும் பிளாக்கையும் சேலத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு போ. ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலை சென்னை. சிகிச்சைக்குப் போகிற புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு, மருத்துவமனைச் சான்றிதழ் வேண்டும்.

ஊசி தொடங்கிவிட்டால் வீட்டில் இருப்பவர்கள்தான் காவல். வயிற்றுப்போக்கு, விடாத இருமல், மூச்சிரைப்பு, மஞ்சள் கண், காரணமில்லாத அசதி, உடம்பெல்லாம் தடிப்பு. பிரேக் விட்ட அணுக்கள் நம் குடலையும் நுரையீரலையும் தைராய்டையும் தாக்கும்போது இப்படி வரும். ஊசி முடிந்து சில மாதம் கழித்துக்கூட வரலாம். வயிற்றுப்போக்குக்குக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டு ஒருவர் நாலு நாள் வீட்டிலேயே இருந்துவிட்டார். அவரை என் வார்டுக்குத் தூக்கி வந்தபோது நிற்க முடியாத நிலை. சீக்கிரம் வந்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டு கொடுத்துக் கட்டுப்படுத்திவிடலாம். நீங்கள் மலைமேல் இருக்கிறீர்கள். இருட்டின பிறகு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குவது எப்படி என்று அப்போது யோசிக்கக் கூடாது. அறிகுறி பகலில் தெரிந்தால் பகலிலேயே மருத்துவமனைக்குப் போன் செய்துவிடு, இறங்கச் சொன்னால் இறங்கிவிடு. எந்த மருத்துவரைப் பார்த்தாலும் "இம்யூனோதெரபி ஊசி போடுகிறோம்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்.

ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் செக்கப் உண்டு. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். காயம் மூடினதும் "எல்லாம் சரியாயிடுச்சே" என்று நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தி, தொடை இடுக்கில் எலுமிச்சை அளவு கட்டியோடு திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முன்பெல்லாம் ஒரு நெறியில் இருந்தாலே அந்தப் பக்கத்து நெறிகளை மொத்தமாக எடுப்பார்கள். அப்படி எடுப்பதால் ஆயுள் கூடவில்லை, கால் வீக்கம்தான் கூடுகிறது என்று 2017இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. இப்போது பலருக்கு நெறிகளை விட்டுவைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கவனிக்கிறார்கள். தேதி தவறினால் அந்த ஏற்பாடே வீண்.

வீட்டில் செய்ய வேண்டியது இது. மாதத்தின் முதல் சனிக்கிழமை அப்பா எண்ணெய் தேய்த்துக் குளிக்கட்டும். எண்ணெய்க் கையால் தொடை இடுக்கைத் தடவினால் சின்ன முடிச்சுகூட விரலுக்குத் தட்டும். குதிகாலிலிருந்து தொடை வரை மிளகு அளவில் கறுப்பாகவோ நீலமாகவோ, நிறமே இல்லாமலோ புதிதாக ஏதாவது முளைத்திருக்கிறதா என்று அம்மா பார்க்கட்டும். இடது காலையும் விரல் இடுக்கையும் நகத்தையும் பார்க்க வேண்டும். இது ஒட்டுவாரொட்டி இல்லை, குழந்தைகள் தாத்தாவின் மடியில் தாராளமாக உட்காரலாம்.

அவர் பேசாமல் இருப்பதற்கு என்னிடம் மருந்து இல்லை. நானும் ஆறு மாதம் அப்படித்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். என் கணவர் ஒன்றும் கேட்கமாட்டார். தினமும் சாயங்காலம் என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எண்ணெய் தடவுவார். ஒருநாள் நானே பேசினேன். இப்போதும் செக்கப்புக்கு முந்தின வாரம் எனக்குத் தூக்கம் வராது. அப்பாவுக்கும் அப்படி இருக்கும். ஆனால் சாப்பிடாமல், தூங்காமல் வாரக்கணக்கில் போனால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போ. அதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

கேள்வி: போன வருடம் என் மனைவிக்கு மெலனோமாவுக்காகத் தொடை இடுக்கில் நெறிகளை முழுவதும் எடுத்தார்கள். இப்போது அந்தக் கால் வீங்குகிறது. யானைக்கால் என்று அக்கம்பக்கத்தில் ஒதுங்குகிறார்கள்.
ஒரு வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: ஐயா, யானைக்கால் கொசுக்கடியால் வருவது. இது நிணநீர் போகிற வழியை எடுத்துவிட்டதால் நீர் தேங்குவது. யாருக்கும் பரவாது. ஆனாலும் வீக்கம் ஏன் வருகிறது என்று ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ரத்தக் கட்டியோ, நோய் திரும்பினதோ இல்லை என்று தெரிய வேண்டும். அவர் எழுதிக் கொடுக்கும் அளவில் இறுக்கமான ஸ்டாக்கிங் வாங்கி, காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். நடக்க ஆரம்பித்த பிறகு போட்டால் பலன் பாதிதான். ஆறு மாதத்தில் அது தொளதொளத்துவிடும், மாற்றுங்கள். குளித்ததும் விரல் இடுக்கைத் துடைத்து ஈரமில்லாமல் வையுங்கள். சேற்றுப்புண் வழியாகத்தான் பெரும்பாலும் கிருமி உள்ளே போகிறது. கால் சிவந்து சூடாகி, குளிர் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. மறுநாள் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.