ஷட்டவுன் கொடுத்தும் அணையாத கம்ப்யூட்டர்: கேள்வி பதில்

திரை இருண்டுவிடுகிறது, ஃபேன் மட்டும் நிற்கவில்லை. அணைத்த கம்ப்யூட்டர் தானாக எழுந்துகொள்கிறது. இந்த ரகக் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. பதில்களை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். பல வருஷமாக டெஸ்க்டாப் பழுது பார்த்து வருகிறேன். இந்தக் கோளாறுக்காக நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை (வீட்டு மின்சாரத்தை மாற்றிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் பெட்டி) கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கி, அப்புறமும் ஃபேன் ஓடுகிறதே என்று வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கேள்வி: சார், விண்டோஸ் 10 வைத்திருக்கிறேன். ஷட்டவுன் கொடுத்தால் மானிட்டரில் 'நோ சிக்னல்' வந்துவிடும். ஆனால் கேபினெட் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், முன்பக்க விளக்கும் எரியும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் அணைகிறது. எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்கிறார் கடைக்காரர். மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். பட்டனை அழுத்திப் பிடித்தால் அணைகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படி 4 வினாடி பிடிக்கும்போது 'நிறுத்து' என்று மதர்போர்டு சொல்கிறது, எஸ்எம்பிஎஸ் உடனே கேட்டுக்கொள்கிறது. சொல்பேச்சு கேட்கும் எஸ்எம்பிஎஸ்ஸை ஏன் மாற்ற வேண்டும்? விண்டோஸ்தான் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

முதலில் சந்தேகப்பட வேண்டியது 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்'. 2012-ல் விண்டோஸ் 8-உடன் வந்த வசதி இது. நீங்கள் ஷட்டவுன் கொடுக்கும்போது உங்கள் வேலைகளை மூடிவிட்டு, விண்டோஸின் அடிப்படைப் பகுதியை மட்டும் மூடாமல் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்ளும். மறுநாள் அதை எடுத்து விரித்துக்கொள்வதால் சீக்கிரம் எழும். ஏதாவது ஒரு டிரைவர் (ஒரு பாகத்தை இயக்க விண்டோஸுக்கு உதவும் சின்ன மென்பொருள்) இதற்கு ஒத்துழைக்காவிட்டால் உங்கள் வீட்டில் நடப்பதுதான் நடக்கும்.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் சிபியுவுக்குக் கீழே 'அப் டைம்' என்று இருப்பதைப் பாருங்கள். தினமும் இரவு அணைத்தும் அங்கே நாலு நாள், ஐந்து நாள் என்று ஓடிக்கொண்டிருந்தால், விண்டோஸ் இத்தனை நாளும் முழுதாக மூடவே இல்லை என்று அர்த்தம். ரீஸ்டார்ட் கொடுத்தால் அது பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

சோதனை சுலபம். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள். அந்த ஒரு தடவை மட்டும் முழு ஷட்டவுன் நடக்கும். ஃபேன் நின்றுவிட்டால் ஆள் பிடிபட்டான். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய், இடப்பக்கம் 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ' என்பதைத் திறந்தால் அடியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக் இருக்கும். மங்கலாக இருந்தால் மேலே நீல எழுத்தில் உள்ள 'சேஞ்ச் செட்டிங்ஸ்' வரியைத் தட்டிய பிறகு எடுக்கலாம்.

ஷிஃப்ட்டுக்கும் மசியவில்லையா? போர்டு கம்பெனியின் தளத்துக்குப் போய் உங்கள் மாடலுக்கான சிப்செட் டிரைவரையும், இன்டெல் போர்டு என்றால் 'மேனேஜ்மென்ட் என்ஜின்' டிரைவரையும் எடுத்துப் போடுங்கள். விண்டோஸ் 7-இலிருந்து 10-க்கு மாற்றிய பழைய இன்டெல் போர்டுகளில் இந்த இரண்டாவது டிரைவரை நான் முதலிலேயே பார்த்துவிடுவேன்.

கேள்வி: ஐயா, 1997-ல் நான் வாங்கிய கம்ப்யூட்டரில் ஸ்விட்சைத் தட்டினால் பட்டென்று அணையும். இப்போது மட்டும் ஏன் இத்தனை சிக்கல்?

பதில்: அந்தக் கம்ப்யூட்டர் ஏடி என்ற பழைய வகையாக இருந்திருக்கும். அதில் முன்பக்க ஸ்விட்ச் 230 வோல்ட் லைனையே நேராகத் துண்டிக்கும். விண்டோஸ் 95 மூடி முடித்ததும் 'இப்போது அணைக்கலாம்' என்று ஆரஞ்சு எழுத்தில் வரும், நாம் போய் அணைப்போம். 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறையில் முன்பக்கப் பட்டன் வெறும் காலிங் பெல் மாதிரி. அது மதர்போர்டுக்குச் சொல்லும், மதர்போர்டு எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சொல்லும். அப்படிச் சொல்வதற்கு மதர்போர்டு எப்போதும் கொஞ்சம் விழித்திருக்க வேண்டும் அல்லவா? அதற்காக ஊதா ஒயரில் 5 வோல்ட், பிளக் சொருகியிருக்கும்வரை வந்துகொண்டே இருக்கும். 'ஓடு, நில்' என்று சொல்வது பச்சை ஒயர். இந்த இரண்டு ஒயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிலுக்கு வேண்டும்.

கேள்வி: அண்ணா, நீங்கள் சொன்ன எல்லாம் செய்துவிட்டேன். விண்டோஸையே புதிதாகப் போட்டாயிற்று. உபுண்டு என்ற வேறு இயங்குதளத்தைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து அணைத்துப் பார்த்தேன், அப்போதும் ஃபேன் நிற்கவில்லை. பட்டனைப் பத்து வினாடி பிடித்தாலும் ஓடுகிறது. ஸ்விட்ச் போர்டில் அணைத்தால்தான் நிற்கிறது.

பதில்: அருமையாகச் சோதித்திருக்கிறீர்கள் தம்பி. இனி விண்டோஸை விட்டுவிடலாம், கோளாறு இரும்புப் பெட்டிக்குள்தான்.

முதலில் யுஎஸ்பி சாமான் அத்தனையையும் பிடுங்குங்கள். முக்கியமாக, தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப். சில மலிவான ஹப்கள் தன் 5 வோல்ட்டைக் கம்ப்யூட்டருக்குள் திருப்பி அனுப்பும். ஒரு பில்லிங் கவுன்டரில் எஸ்எம்பிஎஸ், ரேம் எல்லாம் மாற்றிப் பார்த்துச் சலித்தபின் அந்த ஹப்பைப் பிடுங்கினோம், அந்த நொடியே ஃபேன் நின்றது.

அதுவும் இல்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். மதர்போர்டில் சொருகியிருக்கும் 24 பின் கனெக்டரின் பின்பக்கமாக, சிவப்பு முனையைப் பச்சை ஒயரின் துளைக்குள் மெல்ல விடுங்கள். கறுப்பு முனை ஏதாவது ஒரு கறுப்பு ஒயரில் இருக்கட்டும். ஒயர் எல்லாமே கறுப்பாக இருந்தால் பச்சையின் இடம் 16-ஆம் பின். ஷட்டவுன் கொடுத்துவிட்டு, ஃபேன் ஓடும்போதே மீட்டரைப் பாருங்கள்.

பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால், மதர்போர்டு இன்னும் 'ஓடு' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது. எஸ்எம்பிஎஸ் மேல் பழியில்லை. பயாஸை (விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்; அதன் அமைப்புத் திரையில்) டீஃபால்ட்டுக்குக் கொண்டுவாருங்கள், முன்பக்கப் பட்டன் ஒயரைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு தொடு தொட்டு இயக்கிப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் போர்டில்தான் கோளாறு.

மாறாக 3, 4, 5 வோல்ட் என்று காட்டியும் ஃபேன் ஓடினால், மதர்போர்டு 'நில்' என்று சொல்லிவிட்டது, எஸ்எம்பிஎஸ் கேட்கவில்லை. உறுதி செய்ய, மெயின் ஸ்விட்சை அணைத்து எஸ்எம்பிஎஸ்ஸின் எல்லா ஒயரையும் கழற்றிவிட்டு, அதற்கு மட்டும் கரன்ட் கொடுங்கள். எதிலும் இணைக்காத எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் சுற்றக் கூடாது. சுற்றினால் தயங்காமல் மாற்றுங்கள். தயவுசெய்து அதைத் திறந்து மட்டும் பார்க்காதீர்கள். உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

கேள்வி: ஷட்டவுன் கொடுத்தால் எனக்கு ரீஸ்டார்ட் ஆகிறது. அணைந்த மாதிரி இருந்து உடனே எழுந்துவிடுகிறது.

பதில்: இதில் இரண்டு வகை. அணையும் நேரத்தில் நீலத்திரைப் பிழை வந்து, அது கண்ணில் படும் முன்பே விண்டோஸ் ரீஸ்டார்ட் செய்துவிடலாம். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் 'ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி'யில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிட்டால் பிழை திரையிலேயே நிற்கும், எந்த டிரைவர் என்று தெரிந்துகொள்ளலாம். இல்லை, முழுதாக அணைந்து சில வினாடி கழித்து எழுகிறது என்றால் நெட்வொர்க் கார்டு எழுப்புகிறதா என்று பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் அதன் 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியில் எழுப்பும் அனுமதியை எடுங்கள், பயாஸில் 'வேக் ஆன் லேன்' (நெட்வொர்க் வழியாக எழுப்புவது) இருந்தால் அதையும் அணையுங்கள்.

கேள்வி: கரன்ட் போய் வந்தால் என் கம்ப்யூட்டர் தானே ஆன் ஆகிறது. பேய் மாதிரி இருக்கிறது!

பதில்: பயாஸில் 'ஏசி பவர் லாஸ்' என்ற பெயரில் ஒரு அமைப்பு இருக்கும். அதை 'பவர் ஆஃப்' என்று வையுங்கள், போதும்.

கேள்வி: எல்லாம் சரியாக அணைகிறது. ஆனால் மவுஸின் சிவப்பு விளக்கு இரவெல்லாம் எரிகிறது. கரன்ட் வீணாகுமா?

பதில்: கோளாறு இல்லை. ஊதா ஒயரின் 5 வோல்ட்தான் யுஎஸ்பிக்கும் போகிறது. கணக்கு வேண்டுமென்றால், 3 வாட் வருஷம் முழுக்க ஓடினால் சுமார் 26 யூனிட். வேண்டாம் என்றால் பயாஸில் 'இஆர்பி' என்பதை ஆன் செய்யுங்கள். அணைத்த நிலையில் ஒரு சாதனம் 2010-லிருந்து 1 வாட்டுக்கும், 2013-லிருந்து 0.5 வாட்டுக்கும் மேல் இழுக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்ததையொட்டி வந்த அமைப்பு அது. மவுஸ் விளக்கு அணையும். கீபோர்டைத் தட்டி எழுப்புவது, லேன் வழியாக எழுப்புவது எல்லாம் சேர்ந்து போய்விடும்.

கேள்வி: உபுண்டுவில் ஷட்டவுன் கொடுத்தால் 'ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்' என்று நின்றுவிடுகிறது.

பதில்: பெரும்பாலும் 90 வினாடி பொறுத்தால் தானாக அணையும். ஏதோ ஒரு சர்வீஸ் மூட மறுக்கிறது, அதன் பெயர் அதே வரியில் இருக்கும். அதைக் கவனித்தால் போதும். அதே கம்ப்யூட்டரில் விண்டோஸும் இருந்தால் அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பைக் கட்டாயம் அணையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் பார்ட்டிஷனில் உபுண்டுவிலிருந்து எழுத முடியாமல் போகும்.

கேள்வி: தம்பி, எனக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியவில்லை. தினமும் இரவு ஷட்டவுன் கொடுத்துவிட்டு சுவரில் ஸ்விட்சை அணைத்துவிடுகிறேன். தப்பா?

பதில்: தப்பே இல்லை அம்மா. மின்னலுக்கும் அதுதான் நல்லது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: திரை இருண்டதும் கை சுவருக்குப் போகக் கூடாது. அப்போதும் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கலாம். கேபினெட் அருகே காதை வைத்து, ஃபேன் சத்தம் நின்ற பிறகு அணையுங்கள். இப்படி அணைத்து வைப்பதால் மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் வில்லை பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும். கடிகாரம் தப்பாகக் காட்ட ஆரம்பித்தால் சிஆர் 2032 என்று கேட்டு வாங்கி மாற்றச் சொல்லுங்கள்.