கேள்வி நேரம்: மாணவர்களை மீட்க ஒரு நாட்டையே பிடிக்கலாமா?

கேள்வி: 1983-ல் கரீபியத் தீவு நாடான கிரெனடாவில் அமெரிக்கப் படை இறங்கியது அங்கே படித்த அமெரிக்க மாணவர்களைக் காப்பாற்றத்தான் என்கிறார் மாமா. அப்பட்டமான ஆக்கிரமிப்பு என்கிறார் அண்ணன். நீங்கள் யார் பக்கம், ஐயா?
– கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: அண்ணன் பக்கம்தான் அம்மா. ஆனால் மாமா சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள்.

அக்டோபர் 19 அன்று பிரதமர் மாரிஸ் பிஷப்பையும் அவருடைய அமைச்சர்கள் சிலரையும் சொந்தக் கட்சிக்காரர்களே கோட்டைக்குள் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். உடனே ஊரடங்கு. வெளியே தலை காட்டினால் துப்பாக்கிச்சூடு என்று அறிவிப்பு. செயின்ட் ஜார்ஜஸ் மருத்துவக் கல்லூரியில் சுமார் 600 அமெரிக்கப் பிள்ளைகள். சில ஆண்டுகளுக்கு முன் ஈரானின் டெஹ்ரானில் 52 அமெரிக்கர்கள் 444 நாள் பிணைக்கைதிகளாக இருந்த காயம் வாஷிங்டனில் இன்னும் ஆறியிருக்கவில்லை. அந்தப் பெற்றோர் இடத்தில் இருந்திருந்தால் நானும் கண்மூடியிருக்க மாட்டேன்.

ஆனாலும் அந்த மாணவர்கள் மேல் ஒருவரும் கை வைக்கவில்லை. பார்படாஸிலிருந்து வந்த அமெரிக்கத் தூதரக அதிகாரிகளோடு, பிஷப்புக்குப் பின் ஆட்சியைப் பிடித்த ராணுவக் குழு பேசவும் செய்தது. 25-ஆம் தேதி விடியற்காலையில் படை இறங்கியது. அதன்பிறகு நடந்ததை வைத்துத்தான் நான் முடிவுக்கு வந்தேன். கல்லூரியின் ட்ரூ புளூ வளாகத்துக்குப் போன வீரர்களிடம், 'இங்கே கொஞ்சம் பேர்தான், இன்னொரு வளாகமான கிராண்ட் ஆன்ஸில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்' என்று மாணவர்களே சொல்ல வேண்டியிருந்தது! கிராண்ட் ஆன்ஸில் இருந்த இருநூற்றுச் சொச்சம் பேரை ஹெலிகாப்டரில் ஏற்றியது மறுநாள் பிற்பகலில். அவர்களைப் பிணையாகப் பிடிக்கும் எண்ணம் யாருக்காவது இருந்திருந்தால், நடுவில் கிடைத்த அத்தனை நேரம் போதாதா? பிள்ளைகளின் உயிர்தான் நோக்கம் என்றால், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதையல்லவா முதலில் விசாரித்திருக்க வேண்டும்?

மாணவர்கள் ஊர் திரும்பிய பிறகும் படை திரும்பவில்லை. ஆட்சியை மாற்றிவிட்டுத்தான் ஓய்ந்தது. சண்டையில் மனநல மருத்துவமனை மேல் குண்டு விழுந்து 18 நோயாளிகள் இறந்தார்கள். நோயாளிகள், அம்மா. ஓடி ஒளியக்கூடத் தெரியாதவர்கள். அவர்களைப் பாதுகாக்க யார் படை அனுப்பினார்கள்? ஐ.நா. பொதுச்சபையில் 108 நாடுகள் இந்தப் படையெடுப்பைக் கண்டித்தன. 9 நாடுகளே அந்தக் கண்டனத்தை எதிர்த்து வாக்களித்தன. அமெரிக்க அதிபர் ரீகனின் நெருங்கிய நண்பர், பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சரே 'வேண்டாம்' என்றுதான் சொல்லியிருந்தார்.

அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் விமானத்தை விட்டு இறங்கிய மாணவர் மண்டியிட்டுத் தரையை முத்தமிட்ட படத்தை மாமா காட்டுவார். அக்டோபர் 25-ஐ கிரெனடா மக்கள் இன்றும் நன்றி நாளாக விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறார்களே என்றும் கேட்பார். இரண்டும் உண்மை. பிஷப்பைக் கொன்றவர்கள் ஒழிந்தார்கள் என்ற நிம்மதி அந்த மக்களுக்கு இருந்தது. அதை நான் மதிக்கிறேன். அதே மக்கள்தான் 2009-ல் தங்கள் விமான நிலையத்துக்கு பிஷப் பெயரைச் சூட்டினார்கள். அவர்கள் நன்றி சொல்வது ஆட்சி மாறியதற்கு. மாணவர்கள் ஆபத்தில் இருந்தார்களா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

கேள்வி: அப்படியானால் சொந்த மக்களைக் காக்க எந்த நாடும் படை அனுப்பக்கூடாதா?
– வாசகர் ஒருவர்

பதில்: அனுப்பலாம். 1976-ல் உகாண்டாவின் என்டபியில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளை விமானக் கடத்தல்காரர்கள் பிடித்து வைத்திருந்தார்கள்; இடி அமீன் அரசோ கடத்தல்காரர்கள் பக்கம். பேசிப் பார்க்க நாணயமான அரசு இல்லை, கொடுத்த கெடு நெருங்கிவிட்டது. இஸ்ரேலிய கமாண்டோக்கள் இறங்கினார்கள், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் மீட்டவர்களோடு பறந்துவிட்டார்கள். ஒரு அடி நிலத்தையும் வைத்துக்கொள்ளவில்லை. உகாண்டா வீரர்கள் பலர் மாண்டதை மறக்காமலே இதை நியாயம் என்கிறேன். பேச வழி இருக்கும்போது துப்பாக்கி எதற்கு? 1990-ல் ஈராக் பிடித்துக்கொண்ட குவைத்தில் சிக்கிய நம்மவர்கள் 1,70,000-க்கும் மேற்பட்டோரை, சதாம் அரசோடு பேசி, அம்மான் வழியாக ஏர் இந்தியா விமானங்களில்தான் அழைத்து வந்தோம்.