போதை உளவளத்துணை கற்பது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் கொட்டாஞ்சேனையில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எனது தந்தை குடியினால் ஈரல் பழுதடைந்து இறந்தவர். அப்படியொரு வீட்டில் வளர்ந்ததனாலோ என்னவோ, எங்கள் ஒழுங்கையில் கணவனுக்காகவும் மகனுக்காகவும் கண்ணீர் விடும் பெண்கள் என்னைத் தேடி வருகிறார்கள். இதையே முறையாகப் படித்து, போதைக்கு அடிமையானவர்களுக்கான உளவளத்துணையாளராக விரும்புகிறேன். கொழும்பில் எதை, எங்கே படிப்பது? ஆங்கிலம் அவசியமா? எனது வீட்டு அனுபவம் எவ்வளவு தூரம் உதவும்? பல வருடங்களாக நாளுக்கு அரைப் போத்தல் சாராயம் குடிக்கும் என் சித்தப்பா, ஆடிவேலுக்கு நேர்த்தி வைத்து, திங்கட்கிழமை முதல் ஒரு சொட்டும் தொடுவதில்லை என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். லீவு எடுத்து அவருடன் இருக்கப்போகிறேன். இதுவே எனது முதல் முயற்சி.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கேள்விகளுக்கு முன்னர் சித்தப்பாவின் விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமைக்கு முன்பே அவரை ஒரு வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். வைத்தியரைக் காணும்வரை திடீரென்று முற்றாக நிறுத்த வேண்டாம் என்றும் அவரிடம் சொல்லுங்கள். நேர்த்தியை நான் குறைத்து மதிக்கவில்லை. அந்த மனவுறுதி அவருக்குப் பின்னால் பெரிதும் உதவும். ஆனால் நெடுங்காலம் நாள் தவறாமல் குடித்த உடலுக்கு அந்த வாக்குறுதி தெரியாது. மதுசாரம் மூளையை அடக்கி வைக்கிறது. அதற்கு ஈடுகொடுக்க மூளை தன் தூண்டுதலைக் கூட்டிக்கொண்டே போகிறது. மது ஒரே நாளில் நின்றுவிட்டால் அடக்குவதற்கு ஒன்றுமின்றி அந்தத் தூண்டுதல் மட்டுமே எஞ்சுகிறது. முதல் நாளிலேயே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரையான காலத்தில் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாத பிதற்றலும், சுவரில் பூச்சி ஊர்வது போன்ற தோற்றங்களும், காய்ச்சலும் சேர்ந்து வரும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகக்கூடும். வைத்தியசாலையில் படிப்படியாகக் குறைக்கும் மாத்திரைகளும் விற்றமின் பி1 உம் கொடுத்து இந்த நாட்களைப் பாதுகாப்பாகக் கடக்க வைக்கிறார்கள். அறையில் பூட்டி வைத்துத் தேசிக்காய்த் தண்ணீர் கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

உங்கள் படிப்பைப் பற்றி நான் சொல்ல விரும்புவதும் இதிலிருந்தே தொடங்குகிறது. ஆறுதல் சொல்லக் கற்பதற்கு முன்னர் உடலைக் கற்றுக்கொள்ளுங்கள். 1951 இல் தொடங்கிய, பல நாடுகளின் அரசுகள் சேர்ந்த அமைப்பான கொழும்புத் திட்டத்தின் தலைமையகம் இந்த நகரத்திலேயே இருக்கிறது. அதன் போதைப்பொருள் ஆலோசனைத் திட்டம் 1973 முதல் இயங்குகிறது. போதை உளவளத்துணையாளர்களுக்காக அவர்கள் பல நாடுகளில் பயன்படுத்தும் பாடத்திட்டத்தின் அடிப்படை நிலையில் 8 பாடங்கள் உள்ளன. முதலாவது உடலியங்கியலும் மருந்தியலும். நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதாக நினைக்கும் உளவளத்துணைத் திறன்கள் 4 ஆவதாகத்தான் வருகின்றன. கடைசிப் பாடம் தொழில் ஒழுக்கம். இந்த வரிசை மிகச் சரியானது என்பதே என் கருத்து.

குடு (ஹெரோயின்) பாவிப்பவரின் நிலை வேறு. அதை நிறுத்தும்போது உடல்வலியும் வாந்தியும் வயிற்றோட்டமும் ஆளை வதைத்துவிடும், ஆனால் உயிராபத்து அரிது. ஆபத்து பின்னால்தான் காத்திருக்கிறது. சில மாதங்கள் சிறையிலோ புனர்வாழ்வு நிலையத்திலோ இருந்துவிட்டு வருபவரின் உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். வெளியே வந்த கிழமையில் முன்பு எடுத்த அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். "மகன் திருந்தி வந்துவிட்டான்" என்று மகிழ்ந்திருக்கும் தாயிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உளவளத்துணைத் திறன். இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று தெரிந்திருப்பது மருந்தியல்.

ஆங்கிலம் படிப்புக்குத் தேவை, ஏனென்றால் மூலப் பாடநூல்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஆனால் வேலை தமிழிலும், இயன்றால் சிங்களத்திலும் நடக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 10 கேள்விகள் கொண்ட மதுப் பாவனை மதிப்பீட்டைப் பயிற்சியில் கற்பீர்கள். அதில் 10 கிராம் தூய மதுசாரம் ஓர் அலகாகக் கணக்கிடப்படுகிறது. முகத்துவாரத்திலிருந்து வருபவர் அலகில் பதில் சொல்லமாட்டார்; "கால்", "அரை" என்பார். அரைப் போத்தல் 375 மில்லிலீற்றர். சாராயத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மதுசாரம். ஆகவே அந்த அரை ஏறத்தாழ 100 கிராம், அதாவது 10 அலகு. "கொஞ்சமாகக் குடிப்பார்" என்று எழுதப்பட்ட குறிப்பு யாருக்கும் பயன்படாது. "நாளுக்கு அரை, கடைசியாக நேற்றிரவு 9 மணிக்கு, இப்போது தேநீர்க் கோப்பையைப் பிடிக்கையில் கை நடுங்குகிறது, முன்பு ஒருமுறை வலிப்பு வந்தது" என்று எழுதப்பட்ட குறிப்பை வாசித்தவுடனேயே வெளிநோயாளர் பிரிவு வைத்தியர் அவரை வார்டில் அனுமதிப்பார். இப்படிக் கேட்கவும் எழுதவும் பழகுவதில்தான் பயிற்சியின் பெரும்பகுதி கழிய வேண்டும்.

உங்கள் வீட்டு அனுபவம் உங்களை இந்த வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறது, அது பெரிய விடயம். ஆனால் உள்ளே போனபின் எதிரில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் உங்கள் அப்பாவாகத் தெரியும் அபாயம் உண்டு. அப்பாவிடம் சொல்லாமல் போன கோபத்தை அவரிடமும், காட்டாமல் போன இரக்கத்தை அவருடைய மனைவியிடமும் காட்டிவிடுவோம். அதனால்தான் இத்தொழிலில் அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வை கட்டாயமாகிறது. அதனால்தான் சொந்த உறவினருக்கு உளவளத்துணை வழங்குவதில்லை. சித்தப்பாவுக்கு நீங்கள் பெறாமகளாகவே இருங்கள்.

தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் உளவளத்துணை டிப்ளோமா நல்ல அடித்தளமாக அமையும். அதன் மேல் போதை சார்ந்த பயிற்சிக்கு, 1984 ஆம் ஆண்டின் சட்டத்தினால் உருவான தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இராஜகிரிய அலுவலகத்தில் விசாரியுங்கள். சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பின் மெல் மெதுர நிலையமும் கொழும்பில் நெடுங்காலமாகப் போதைக்கு அடிமையானவர்களுக்கு உதவும் பணியைச் செய்துவருகிறது. அங்கே தொண்டராகச் சேர வழி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். தனியார் பாடநெறி எதற்கும் பணம் கட்டுமுன், மேற்பார்வையின் கீழ் நேரடியாக ஆட்களைச் சந்திக்கும் பயிற்சி உண்டா, மேற்பார்வை செய்பவர் யார், உங்கள் குறிப்புகளை அவர் வாசித்துத் திருத்துவாரா என்று கேளுங்கள். வாரயிறுதி விரிவுரைகளும் சான்றிதழும் மட்டுமே என்று பதில் வந்தால் அதில் சேராதீர்கள்.