ஒரு லிட்டர் எண்ணெய் ஏன் ஒரு கிலோ இல்லை? – வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அளவையும் எடையையும் பொருள்களின் தன்மையையும் பற்றியவை. பள்ளி வேதியியலின் முதல் பாடத்தில் வருவனவற்றையே பலரும் சமையலறையிலிருந்தும் கடைத்தெருவிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஒரு லிட்டர் நல்லெண்ணெய்ப் பாக்கெட் வாங்கி வந்து வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன். உறை நீங்கலாக 911 கிராம்தான் இருக்கிறது. மீதி 89 கிராம் எங்கே போயிற்று? – வாசகி, காரைக்குடி

பதில்: எங்கும் போகவில்லை, அந்த 89 கிராம் பாக்கெட்டில் எப்போதுமே இருந்ததில்லை. லிட்டர் என்பது பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு. கிலோகிராம் என்பது அந்த இடத்துக்குள் இருக்கும் பொருளின் அளவு. முன்னதைப் பருமன் என்றும் பின்னதை நிறை என்றும் பாடநூல்கள் குறிக்கின்றன. ஒரு லிட்டர் இடத்தில் எத்தனை கிராம் அடங்கும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும்: தண்ணீர் ஏறத்தாழ 1000 கிராம், பசும்பால் ஏறத்தாழ 1030 கிராம், சமையல் எண்ணெய்கள் 910 முதல் 920 கிராம் வரை, பாதரசமோ 13,600 கிராமுக்குச் சற்றுக் குறைவு. நிறையைப் பருமனால் வகுத்துப் பெறும் இந்த எண்ணையே அடர்த்தி என்கிறோம். லிட்டரும் கிலோவும் ஒன்றே என்ற எண்ணம் நமக்குத் தண்ணீரால் வந்தது. அதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1790களில் பிரான்சில் மெட்ரிக் முறையை வகுத்தவர்கள், ஒரு லிட்டர் தண்ணீரின் நிறையைக்கொண்டுதான் கிலோகிராமை நிர்ணயித்தார்கள்.

உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. எந்த வெப்பநிலையில் ஒரு லிட்டர்? எண்ணெய் சூடேறினால் விரியும். நிறை மாறாமல் பருமன் மட்டும் கூடுவதால் அடர்த்தி குறையும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 919 கிராம் இருக்கும். 60 டிகிரியில் அதே ஒரு லிட்டர் 893 கிராமுக்கு இறங்கிவிடும். சில நிறுவனங்கள் பாக்கெட்டில் "60 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர்" என்று பொடி எழுத்தில் அச்சிட்டு வந்தது இதனால்தான். அந்த வெப்பநிலையில் எண்ணெயை வாங்குபவரும் இல்லை, விற்பவரும் இல்லை. 2022இல் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை இதில் தலையிட்டு, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் பருமனை அச்சிட வேண்டும் என்றும், கூடவே நிறையையும் அச்சிட வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. உங்கள் பாக்கெட்டிலும் லிட்டருக்குப் பக்கத்தில் கிராம் கணக்கு இருக்கும். அதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 911 கிராம் என்பது நம் ஊர் வெயிலுக்கு நியாயமான அளவே.

செக்கு எண்ணெய் விற்கும் இடங்களில் லிட்டர் விலையும் கிலோ விலையும் ஒன்றாகவே இருந்தால் கிலோவாகக் கேட்டு வாங்குங்கள். ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கும். நம் பாட்டிமார் அரிசியைப் படியால் அளந்து வாங்கிய காலத்தில், தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பதில் தொடங்கிப் படியைக் குலுக்கலாமா கூடாதா என்பது வரை வாசலில் வழக்கு நடந்தது. தானியத்தைப் பருமனால் அளந்தால் இடையிலுள்ள காற்றையும் சேர்த்தே அளக்கிறோம் என்பதை அவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

கேள்வி: என் மகன் பதினொன்றாம் வகுப்பு வேதியியல் தேர்வில் கணக்கைச் சரியாகப் போட்டு விடையையும் சரியாக எழுதியிருக்கிறான். அலகு எழுதவில்லை என்று அரை மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். எண் சரியாக இருக்கும்போது இது நியாயமா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: நியாயம்தான். அரை மதிப்பெண்ணோடு விட்டதற்கு மகிழுங்கள் என்றுகூடச் சொல்வேன். அலகில்லாத எண் என்ன செய்யும் என்பதற்கு 1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்த ஒரு நிகழ்ச்சியை எண்களோடு சொல்கிறேன். மகனையும் அருகில் உட்காரவைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மான்ட்ரியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் செல்லவேண்டிய ஏர் கனடா போயிங் 767 விமானத்தில் எரிபொருள் அளவுகாட்டி வேலை செய்யவில்லை. ஆகவே தொட்டிக்குள் அளவுகோலை விட்டு அளந்து, இருப்பு 7,682 லிட்டர் என்று கண்டார்கள். பயணத்துக்குத் தேவையானதோ 22,300 கிலோகிராம். லிட்டரைக் கிலோவாக்க அடர்த்தியால் பெருக்க வேண்டும். அன்று கைக்குக் கிடைத்த எண் 1.77. அதைக்கொண்டு பெருக்க 13,597 வந்தது; 22,300இலிருந்து கழிக்க மிச்சம் 8,703; அதை மறுபடியும் 1.77ஆல் வகுக்க 4,917 லிட்டர். அவ்வளவையே ஊற்றிக்கொண்டு கிளம்பினார்கள்.

கூட்டல் கழித்தலில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் 1.77 என்பது ஒரு லிட்டர் எரிபொருளின் நிறை பவுண்டில். கிலோகிராமில் அது 0.803 மட்டுமே. கனடா அப்போது பழைய அளவுமுறையிலிருந்து மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. புதிதாக வந்திருந்த அந்த விமான வகை கிலோகிராமில் கணக்கு வைத்தது. தாளில் இருந்த எண்ணோ பவுண்டுக்கு உரியது. 0.803ஆல் கணக்கிட்டிருந்தால் ஏறத்தாழ 20,088 லிட்டர் ஊற்றியிருக்க வேண்டும். உண்மையில் தொட்டியில் இருந்தது தேவையில் பாதிக்கும் குறைவு. 41,000 அடி உயரத்தில் பறக்கும்போது இரண்டு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. விமானி ராபர்ட் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவராக இருந்ததால், எஞ்சின் இல்லாத விமானத்தை மிதக்கவிட்டே கொண்டுவந்து, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்டு மோட்டார் பந்தயத் தடமாக மாறியிருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் உயிர் தப்பினார்கள்.

சாதாரண அடர்த்திக் கணக்குதான் இது. முதல் பாடத்தின் பயிற்சிப் பகுதியில் வருவது. ஒவ்வொரு வரியிலும் அலகையும் சேர்த்து எழுதிப் பெருக்கியிருந்தால், லிட்டரும் லிட்டரும் அடிபட்டுப்போய் விடையில் பவுண்டு என்று நின்றிருக்கும். கிலோகிராமிலிருந்து பவுண்டைக் கழிக்கப் போகிறோம் என்பது கண்ணில் பட்டிருக்கும். அலகை எழுதச் சொல்வது ஆசிரியரின் பிடிவாதமன்று. கணக்குத் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும் வழி அது.

கேள்வி: நிறை வேறு, எடை வேறு என்று மகளின் பாடநூலில் இருக்கிறது. நகைக்கடையில் எடை என்று சொல்லி கிராமில்தானே கொடுக்கிறார்கள்? – வாசகி, மதுரை

பதில்: பேச்சு வழக்கில் எடை என்று சொல்வதில் ஒரு குற்றமும் இல்லை, கடைக்காரர் விற்பது நிறையைத்தான். எடை என்பது அந்த நிறையைப் பூமி இழுக்கும் விசை. அதன் அலகு நியூட்டன். நிறை இடத்துக்கு இடம் மாறாது, இழுவிசை மாறும். பூமத்திய ரேகையருகே சற்றுக் குறைவாகவும் துருவங்களை நோக்கிச் செல்லச் செல்லக் கூடுதலாகவும் இருக்கும். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ அரை விழுக்காடு வேறுபாடு உண்டு.

இரண்டு தட்டுத் தராசுக்கு இதனால் பாதிப்பில்லை, ஏனெனில் தட்டிலுள்ள நகையும் படிக்கல்லும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி இழுக்கப்படுகின்றன. எலக்ட்ரானிக் தராசு அப்படியன்று. அது விசையை உணர்ந்து கிராமாக மாற்றிக் காட்டுகிறது. டெல்லியில் சரிசெய்த ஒரு தராசைச் சென்னைக்குக் கொண்டுவந்து அப்படியே பயன்படுத்தினால், 8 கிராமுள்ள ஒரு பவுன் நகையை ஏறத்தாழ 7 மில்லிகிராம் குறைத்துக் காட்டும். ஆகவேதான் இத்தகைய தராசுகளைப் பயன்படுத்தும் இடத்திலேயே, முத்திரையிட்ட படிக்கல்லைக்கொண்டு சரிசெய்கிறார்கள்.

அந்தப் படிக்கல்லுக்குப் படிக்கல் எது என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். 1889 முதல் பாரிஸை அடுத்த செவ்ர் நகரில், பத்தில் ஒன்பது பங்கு பிளாட்டினமும் ஒரு பங்கு இரிடியமும் கலந்த ஓர் உருளை, மூன்று அங்குல உயரம்கூட இல்லாதது, உலகத்தின் கிலோகிராமாக இருந்தது. அதன் நகல்களான படிகளில் 57ஆம் எண்ணுள்ளது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு வந்தது. நூறாண்டுக் காலத்தில் மூல உருளைக்கும் படிகளுக்கும் இடையே 50 மைக்ரோகிராம் அளவுக்கு வேறுபாடு விழுந்துவிட்டது. மாறியது எது என்று தீர்ப்புச் சொல்ல மூன்றாவதாக ஒன்று உலகில் இல்லை. 2019 மே 20 முதல் உருளைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, பிளாங்க் மாறிலி என்ற மாறாத இயற்கை எண்ணைக்கொண்டு கிலோகிராமை வரையறுக்கிறார்கள்.

கேள்வி: 8, 8.0, 8.000 மூன்றும் ஒன்றுதானே? பின்னால் சுழியம் போடுவதற்கு ஏன் இத்தனை விதிகள்? – மாணவர், ஈரோடு

பதில்: கணிதத்தில் ஒன்று, அளவீட்டில் மூன்று. "8 கிராம்" என்று எழுதினால் ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையே ஏதோ ஒன்று என்று பொருள். "8.000 கிராம்" என்றால் மில்லிகிராம் வரை பார்த்தேன், அங்கும் சுழியமே என்று பொருள். பவுன் வாங்குபவர் எதைக் கேட்பார் என்பதை உங்களிடமே விடுகிறேன். முக்கிய எண்ணுருக்கள் என்பவை, அளந்தவர் எவ்வளவு தூரம் பார்த்தார் என்பதற்கு அவர் தரும் வாக்குமூலம்.

இதன் மறுபக்கத்தில்தான் மாணவர்கள் அதிகம் தவறுகிறார்கள். 24.8 மில்லிலிட்டர் எண்ணெயின் நிறை 22.7 கிராம் என்று அளந்தபின், கால்குலேட்டர் காட்டும் 0.91532258 என்பதை அப்படியே எழுதிவைக்கிறார்கள். இரண்டு அளவுகளையும் மூன்று எண்ணுரு வரையே பார்த்திருக்கும்போது, விடையின் நான்காவது எண்ணுருவை யார் அளந்தார்கள்? 0.915 என்று எழுதினால் போதும்.

கேள்வி: பித்தளை தனிமமா, சேர்மமா? 916 தங்கம் தூய பொருளா? – வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டும் கலவைகள். தண்ணீரை எங்கே எடுத்துப் பிரித்தாலும் ஒரு கிராம் ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 8 கிராம் ஆக்சிஜன் இருக்கும். விகிதம் மாறினால் அது தண்ணீரன்று. ஆகவே தண்ணீர் சேர்மம். பித்தளையில் செம்பையும் துத்தநாகத்தையும் வேலைக்குத் தக்கபடி கூட்டியோ குறைத்தோ உருக்குகிறார்கள். இந்த நெகிழ்வுதான் கலவையின் அடையாளம். குத்துவிளக்கை உருப்பெருக்கியில் பார்த்தாலும் செம்பு தனியாகத் தெரியாது என்பதால் பலர் குழம்புகிறார்கள். 916 என்பது ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், மற்றவை செம்பு, வெள்ளி போன்றவை. வணிகத்தில் சுத்தத் தங்கம் என்றாலும் வேதியியலில் அது உலோகக்கலவையே.

கேள்வி: 50 மில்லிலிட்டர் தண்ணீருடன் 50 மில்லிலிட்டர் எத்தனால் சேர்த்தோம். ஆய்வகத்தில் 100 வரவில்லை. சிந்திவிட்டோமா? – மாணவி, கோயம்புத்தூர்

பதில்: சிந்தவில்லை. 96 அல்லது 97 மில்லிலிட்டர்தான் வரும். இருவகை மூலக்கூறுகளும் ஒன்றையொன்று ஈர்த்து, தனித்தனியாக இருந்ததைவிட நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் தராசில் வைத்துப் பாருங்கள்; கிராம் கணக்கு அப்படியே இருக்கும். நிறையைக் கூட்டலாம், பருமனை நம்பிக் கூட்ட முடியாது.

கேள்வி: பூஜை அலமாரியிலுள்ள கற்பூரம் தானாகவே சிறுத்துப்போகிறது. இது இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா? மிளகு போட்டுவைத்தால் குறையாது என்கிறார்களே? – வாசகி, நாகர்கோவில்

பதில்: இயற்பியல் மாற்றம். கற்பூரம் உருகாமலேயே நேராக ஆவியாகிறது. பதங்கமாதல் என்பது இதன் பெயர். திறந்தவுடன் மணம் மூக்கில் ஏறுகிறதே, அது காற்றில் கலந்த கற்பூரமேதான், வேறொரு பொருளாக மாறியதன்று. ஆரத்தித் தட்டில் ஏற்றும்போது நடப்பது வேறு. அங்கே அது எரிந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் கரியாகவும் மாறிவிடுகிறது. மிளகைவிட மூடியை நம்புங்கள். இறுக்கமாக மூடிய டப்பாவில் ஆவி ஓரளவு நிறைந்தபின் மேற்கொண்டு குறைவது நின்றுவிடும். நீண்ட நாள் திறக்காத டப்பாவின் மூடியைத் திருப்பிப் பார்த்தால், உட்புறத்தில் பனிபோலப் பொடிப்பொடியாகப் படிகங்கள் ஒட்டியிருக்கலாம். வில்லையிலிருந்து ஆவியாகிப் போனதில் ஒரு பகுதி கற்பூரமாகவே திரும்பி வந்து அங்கே உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்து ஏற்றலாம், எரியும்.